சொன்னவர், எழுதியவர்

போன மாதம் பெரம்பலூரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். மரியாதையான பெண். ஆனால் அவசரக்காரி.

"டீச்சர், நம்ம படிவத்துல 'சொன்னவர்', 'எழுதியவர்'னு ரெண்டு கட்டம் இருக்குல்ல? இப்ப எல்லாரும் போன்லயே பதில் அனுப்பிடறாங்க. ஒரு கட்டத்தை எடுத்துடலாமான்னு கமிட்டியில கேக்குறாங்க. அது எதுக்கு வச்சதுன்னே இங்க யாருக்கும் தெரியலை."

"எடுக்காதேம்மா" என்றேன்.

"ஏன் டீச்சர்?"

"அது பெரிய கதை. எழுதி அனுப்பறேன்."

"வாய்ஸ் மெசேஜா போட்டுடுங்களேன்."

"எழுதி அனுப்பறேன்னா எழுதித்தான் அனுப்புவேன்" என்று போனை வைத்துவிட்டேன். இதுதான் அது. கமிட்டியில் படித்துக் காட்டட்டும்.

முதலில் என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். சர்ச் ஆபீசில் வேலை என்றால், கையைக் கட்டிக்கொண்டு ஜெபம் பண்ணுகிற வேலை என்றுதான் என் கூடப்பிறந்த தம்பிகூட நினைத்திருந்தான். எங்கள் சபைகளின் மாதர் சங்கங்களுக்கு வாராவாரம் ஒரு வேதபாடம் போகும். ஒரு வேதப்பகுதி, விளக்கம், ஐந்து கேள்வி, கடைசியில் 'இந்த வாரச் செயல்' என்று ஒரு சின்னப் பெட்டி. படித்த போதகர்கள், இறையியல் கல்லூரி ஆசிரியர்கள் எல்லாம் எழுதி அனுப்புவார்கள். அச்சுக்குப் போகும் முன் அது நம் பெண்களுக்கு ஆகுமா ஆகாதா என்று சோதித்துப் பார்த்துச் சொல்வது என் வேலை. சமையலில் உப்புப் பார்க்கிற மாதிரிதான். உப்புப் பார்க்கிறவளை யாரும் பாராட்டமாட்டார்கள், கரித்துப்போனால் மட்டும் தேடுவார்கள்.

அதற்கு முன்னால் அரியலூரில் சபைப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்தேன். பெரம்பலூர் தனி மாவட்டமான வருஷம் அங்கே மாதர் ஊழியத்துக்கென்று ஒரு ஆபீஸ் திறந்தார்கள். 'தமிழ் நன்றாகத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும்' என்றார்கள், போனேன். பயிற்சி என்று திருச்சியில் மூன்று நாள். ஒருவர் கரும்பலகை நிறைய அம்புக்குறி போட்டார். நான் அதை நோட்டில் அழகாக வரைந்துகொண்டு வந்தேன், அதற்குப் பிறகு அந்த நோட்டைத் திறக்கவே இல்லை.

உண்மையான பயிற்சி கிருபாவதி அம்மாவிடம்தான். அவர்தான் ஆபீசின் செயலாளர். முப்பது வருஷம் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து, தலைமை நர்சாக ஓய்வு பெற்றவர். உட்கார்ந்து படிக்கமாட்டார். ஜன்னலோரம் நின்று, தாளைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டுதான் படிப்பார். வெந்நீர் தவிர வேறு எதுவும் குடிக்கமாட்டார். பாராட்டு என்றால் "ம்". திட்டு என்றாலும் "ம்"தான். இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

முறை இதுதான். பாடம் கைக்கு வந்ததும் முதலில் வாய்விட்டுப் படிக்கவேண்டும். ஒரே மூச்சில் முடியாத வாக்கியம் என்றால் வெட்டு. "நீங்க தமிழ் டீச்சருங்க, உங்களுக்கே மூச்சு வாங்குதுன்னா, நாள் முழுக்க நடவு நட்டுட்டு வந்தவளுக்கு என்ன ஆவறது?" என்பார் அம்மா. அடுத்து நேரம். பாட்டு, ஜெபம் எல்லாம் சேர்த்து முக்கால் மணிக்கு மேல் போகக்கூடாது, அதற்குமேல் போனால் பெண்களின் மனசு உலையில் இருக்கும். அப்புறம் ஜெராக்ஸ் எடுத்து மூன்று சங்கங்களுக்கு அனுப்புவோம். அரியலூர் டவுன், சிமெண்டு ஆலைக்காரர்கள் இருக்கிற ரெட்டிபாளையம், வயல் வேலைக்காரர்கள் இருக்கிற திருமானூர். மூன்று இடத்திலும் பாடத்தை நடத்திப் பார்த்து, ஆளுக்கொரு விடைத்தாளாக எனக்கு அனுப்பவேண்டும். நான் அதைப் படித்துத் திருத்தி, குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புவேன். அம்மாவுக்கு ஒரு அறிக்கை கொடுப்பேன். அவர் கையெழுத்துப் போட்டால் அச்சு.

ஒரு உதாரணம். 'தனி அறையில் ஜெபம்' என்று ஒரு பாடம். நல்ல பாடம், நான் ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. திருமானூரில் நடத்தும்போது நானே போய் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "வூடே ஒத்த ரூமு. அதுல மாமனாரு, மாமியா, நாங்க நாலு பேரு, ரெண்டு ஆட்டுக்குட்டி. தனி அறைக்கு எங்கங்க போறது? வரப்புல நின்னுதான் ஜெபம் பண்றேன், அது சேருமா சேராதா?" எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. சேருமா சேராதா என்று அவளுக்கு நிஜமாகவே தெரியவேண்டியிருந்தது. பாடத்தில் வரப்பையும் சேர்த்தோம். இப்படி நிறைய. மாவட்டத்தைப் பிரித்தார்கள், சேர்த்தார்கள், மறுபடி பிரித்தார்கள். எங்கள் பெயர்ப்பலகையில் அரியலூர் வந்தது, போனது, வந்தது. பாடம் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

இனி நான் செய்த தப்புக்கு வருகிறேன்.

பள்ளிக்கூடத்து டீச்சர் என்பது சுலபத்தில் போகிற வியாதி இல்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம் விடைத்தாள்களுக்கு மார்க் போட ஆரம்பித்தேன். யாரும் சொல்லவில்லை, நானே. அதோடு விட்டேனா? சுத்தத்துக்கும் கையெழுத்துக்கும் தனியாக ஐந்து மார்க் வைத்தேன். வருஷக் கடைசியில் முதலில் வரும் சங்கத்துக்கு ஒரு எவர்சில்வர் அடுக்கு. 'பெண்களுக்கு ஊக்கமாக இருக்கும்' என்று அறிக்கையில் எழுதினேன். அம்மா "ம்" என்றார். அது எந்த "ம்" என்று நான் கவனித்திருக்கவேண்டும்.

ஊக்கம் வந்தது, வராமல் என்ன! தாள்கள் எல்லாம் கோடு போட்டு, தலைப்புக்குக் கீழே சிவப்பு மை அடிக்கோடு போட்டு, கல்யாணப் பத்திரிகை மாதிரி வர ஆரம்பித்தன. அதிலும் ரெட்டிபாளையம் என்றால் கேட்கவே வேண்டாம். அந்தச் சங்கத் தலைவி லீலா அக்கா, ஆலையில் போர்மேன் ஒருவரின் சம்சாரம். கெட்டிக்காரி. அவள் குரல் இருக்கிற இடத்தில் மைக் வேண்டாம். எடுத்த காரியத்தை முடிக்காமல் தூங்கமாட்டாள். அவள் சங்கத்தில் பதினான்கு பெண்கள், பதினான்கு தாளும் நிரம்பி வரும். ஏழெட்டுத் தாளில் ஒரே கையெழுத்து. அது எனக்குத் தெரியாமல் இல்லை. கையெழுத்து பார்த்தே யார் காப்பி அடித்தது என்று சொல்கிறவள் நான். சுத்தமாக இருக்கட்டும் என்று லீலா அக்கா நகல் எடுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்துக்கு ஐந்து போட்டேன். எழுதத் தெரியாத பெண்கள் அந்தத் தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றவில்லை என்பதை இப்போதும் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன்.

இப்படி நாலைந்து வருஷம் போன பிறகு ஒப்புரவு, அதாவது பகைத்தவர்கள் சமாதானமாவது பற்றி ஒரு பாடம் வந்தது. வெளியூர்க் கல்லூரி ஆசிரியர் ஒருவர் எழுதியது. அண்ணனை ஏமாற்றிவிட்டு ஓடிப்போன தம்பி, இருபது வருஷம் கழித்துப் பெண்டாட்டி பிள்ளைகளோடும் ஆடுமாடுகளோடும் திரும்பி வருகிறான். அண்ணன் வெட்டிவிடுவான் என்று பயந்துகொண்டே வருகிறவனை, அண்ணன் ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுகிறான். பாடம் அந்தக் கட்டிப்பிடித்தலோடு முடிந்தது. 'இந்த வாரச் செயல்' பெட்டியில், 'நீங்கள் மன்னிக்கவேண்டியவரின் வீட்டுக்கு இந்த வாரமே செல்லுங்கள், சங்கமாகச் சேர்ந்து சென்றால் இன்னும் நல்லது' என்று இருந்தது. படித்தபோது எனக்கே கண் கலங்கியது. அப்படியே மூன்று இடத்துக்கும் அனுப்பினேன்.

ரெட்டிபாளையத்துத் தாள்களில் ரோசி என்ற பெண்ணுடையது ஒன்று. வயது இருபத்தாறு, தொழில் பழைய சிமெண்டுச் சாக்கு உதறி அடுக்குவது என்று மேலே எழுதியிருந்தது. நான்காவது கேள்வி, 'நீங்கள் யாரை மன்னிக்கவேண்டும்?' பதில்: 'என்னை அடித்துத் துன்புறுத்திய என் கணவரை முழு மனதோடு மன்னித்துவிட்டேன். அவருடன் சமாதானத்துடன் இணைந்து வாழ உறுதி பூணுகிறேன்.' கீழே தலைவியின் குறிப்பு: 'செயல்: அறுப்பின் பண்டிகைக்கு அடுத்த ஞாயிறு ரோசியைக் கணவர் வீட்டுக்குச் சங்கமாக அழைத்துச் செல்கிறோம். வேன் பேசியாகிவிட்டது.'

நான் ஓரத்தில் 'மிக நன்று' என்று எழுதி, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டுத் தாளை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்பினேன். அம்மாவுக்குக் கொடுத்த அறிக்கையிலும் அந்தப் பதிலை முழுசாக எழுதி, 'பாடம் கனி கொடுத்திருக்கிறது' என்று முடித்தேன்.

பண்டிகை வேலையில் அம்மா அறிக்கையைக் கையில் எடுக்க இரண்டு வாரம் ஆனது. ஒரு வெள்ளிக்கிழமை ஜன்னலோரம் நின்று படித்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"இது யாரு வாயால வந்தது?"

"ரோசின்னு ஒரு பொண்ணுங்கம்மா."

"சாக்கு உதறுற பொண்ணு 'உறுதி பூணுகிறேன்'னு சொல்லுவாளா?"

நான் அந்த வரியை மறுபடி எட்டிப் பார்த்தேன்.

"ஆஸ்பத்திரியில கேஸ் தாள் எழுதறப்ப, நோயாளி சொன்னதை அவங்க சொன்ன மாதிரியே எழுதணும். வயித்துக்குள்ள எலி ஓடுதுன்னு சொன்னா எலி ஓடுதுன்னுதான் எழுதணும். அப்புறம் கீழ, நர்ஸ் பார்த்ததை எழுதணும். ரெண்டையும் கலந்து எழுதினா டாக்டர் தப்பான மருந்தைக் குடுத்துடுவாரு." தாளை மேஜையில் வைத்தார். "அந்த ஞாயித்துக்கிழமை எப்ப வருது?"

"நாளன்னிக்குங்கம்மா."

"நாளைக்குக் காலையில மொத பஸ்."

பெரம்பலூரிலிருந்து அரியலூர், அங்கிருந்து ரெட்டிபாளையம் டவுன் பஸ். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரி, சாலையோரத்து வேப்பிலையெல்லாம் வெள்ளை. நான் மனசுக்குள் எனக்காக வாதாடிக்கொண்டே போனேன். மன்னிப்பது நல்லதுதானே, புருஷன் வீட்டுக்குப் போவதும் ஊர் வழக்கம்தானே, நான் என்ன இல்லாததையா சொன்னேன் என்று. வாதத்தில் நானே ஜெயித்துக்கொண்டிருந்தேன். எதிரே ஆளில்லையே.

லீலா அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "வாங்க டீச்சர், வாங்க! நாளைக்கு நீங்களும் வேன்ல வாங்க. திருமழபாடிப் பக்கந்தான் அந்த மாப்பிள்ளை ஊரு. நானே போயிப் பேசி சரிபண்ணி வச்சிருக்கேன். மாப்பிள்ளையோட அண்ணன், அம்மா எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க."

"ரோசி ஒத்துக்கிட்டாளா?"

"அதான் எழுதியிருக்கோமே!"

"எழுதினது யாரு அக்கா?"

"நான்தான். அதுக்கு எழுத்து தெரியாதுங்க. வாயும் தொறக்காது. மன்னிச்சுட்டியாடின்னு கேட்டேன், தலைய ஆட்டுச்சு. ஆட்டினதைத்தான் எழுதினேன்."

"சேர்ந்து வாழறேன்னு?"

"மன்னிச்சா அப்புறம் என்னங்க? சேர்ந்து வாழறதுதான? பாடத்துலயும் அதான இருக்கு?" அவள் குரலில் கள்ளம் இல்லை. "தாளு நெறையணும்ல டீச்சர். நாலு வார்த்தை எழுதி அனுப்பிச்சா நீங்க மார்க்கைக் குறைச்சுடுவீங்களே. திருமானூர்க்காரவுங்க அடுக்கைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

எனக்கு அங்கேயே முகம் சுண்டிப்போயிற்று.

ரோசி தன் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் ஒரு சார்ப்பில் இருந்தாள். சனிக்கிழமை அரை நாள் வேலை, அப்போதுதான் வந்து முகம் கழுவியிருந்தாள். புருவத்தில் மட்டும் சிமெண்டு போகவில்லை. ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது. எனக்குத் தண்ணீர் கொடுத்தபோது பார்த்தேன், இடது கை முழங்கைக்குக் கீழே கோணலாக ஒட்டியிருந்தது. செம்பை வலது கையால்தான் கொடுத்தாள்.

தாளை எடுத்து அந்தப் பதிலை வாய்விட்டுப் படித்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும், "இது யாரு சொன்னதுங்க?" என்றாள்.

"நீ சொன்னதுன்னு எழுதியிருக்கு."

"நானா?" என்று கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள். "மன்னிச்சியான்னு கேட்டாங்க. ஆமான்னு தலைய ஆட்டினேன். மிச்சத்தை நான் சொல்லலைங்க."

"அப்புறம் ஏம்மா நாளைக்குக் கிளம்பறே? மாட்டேன்னு சொல்றதுக்கென்ன?"

"எப்புடிங்க சொல்றது? எழுத்துல போயிடுச்சே. பெரம்பலூரு ஆபீசுக்கே போயி, ரொம்ப நல்லதுன்னு நீங்களே சிவப்பு மையில எழுதி, பூவெல்லாம் போட்டு அனுப்பிச்சீங்களாம். லீலாக்கா கூட்டத்துல தூக்கிக் காட்டுனாங்க. எல்லாரும் கைதட்டுனாங்க. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

நட்சத்திரத்தை அவள் பூ என்றாள். பஸ்ஸில் நான் ஜெயித்த வாதமெல்லாம் அந்த இடத்தில் செத்தது. அவளை அந்த வேனில் ஏற்றுகிறது லீலா அக்கா இல்லை, நான்.

என்ன பேசுவதென்று தெரியாவிட்டால் டீச்சர்கள் பாடம் நடத்துவார்கள். நானும் பைக்குள்ளிருந்து வேதத்தை எடுத்து அந்த அண்ணன் தம்பி பகுதியை அவளுக்குப் படித்தேன். ஓடிவந்தான், கட்டிப்பிடித்தான், அழுதார்கள். நிறுத்தினேன்.

"மிச்சத்தையும் படிங்க" என்றாள்.

"பாடம் இவ்வளவுதாம்மா."

"கூட்டத்துல லீலாக்கா மவ நிறுத்தத் தெரியாம முழுசாப் படிச்சிடுச்சு. அப்ப நான் கேட்டேன். இன்னும் இருக்கு, படிங்க."

படித்தேன். அண்ணன், வா, சேர்ந்தே போகலாம், நான் முன்னால் நடக்கிறேன் என்கிறான். தம்பி, பிள்ளைகள் சின்னவர்கள், ஆடுமாடெல்லாம் குட்டியும் கன்றுமாக இருக்கிறது, ஒரு நாள் வேகமாக ஓட்டினாலும் செத்துப்போகும், நீங்கள் முன்னே போங்கள், நான் மெதுவாக வருகிறேன் என்கிறான். அண்ணன் போய்விடுகிறான். தம்பி வேறு பக்கம் திரும்பி, வேறு ஊரில் வீடு கட்டிக்கொள்கிறான்.

"பாத்தீங்களா" என்றாள் ரோசி. "கட்டிப்பிடிச்சு அழுதுட்டாங்க. மன்னிப்பெல்லாம் ஆயிடுச்சு. ஆனா தம்பி அண்ணன் வூட்டுக்குப் போவலை. புள்ளைங்களை வச்சிருக்கவன் எப்புடிப் போவான்? எனக்கும் இது சின்னதுதானுங்க." குழந்தையின் தலையில் கை வைத்தாள். "ஆனா அந்தத் தம்பி, பின்னால வரேன்னு சொல்லிட்டுப் போவாம இருந்துட்டாரு. நான் அப்புடிப் பொய் சொல்ல மாட்டேன். வரலைன்னே சொல்லிடுவேன். கேட்டாங்கன்னா."

அந்தப் பகுதியை நான் சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். தம்பி அண்ணன் வீட்டுக்குப் போகவே இல்லை என்பது அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. பாடம் எழுதிய ஆசிரியருக்கும் விழுந்திருக்காது. எங்கள் யாருக்கும் உயிருக்குப் பயந்து ஒரு வீட்டை விட்டு ஓடிவரும்படி ஆகவில்லை, அதனால் இருக்கலாம்.

மறுநாள் ஆராதனை முடிந்து கோயிலுக்குப் பின்னாலிருந்த ஹாலில் சங்கம் கூடியது. வெளியே வேன் நின்றுகொண்டிருந்தது. பெண்கள் நல்ல சேலை கட்டி, பூவும் பழமும் தட்டில் வைத்துத் தயாராக இருந்தார்கள். முந்தின நாளே நான் போனில் விஷயத்தைச் சொல்லியிருந்தேன், கிருபாவதி அம்மாவும் காலை பஸ்ஸில் வந்திருந்தார். உட்காரச் சொல்லி நாற்காலி போட்டார்கள், அவர் உட்காரவில்லை.

"ரோசியோட தாளைக் குடுங்க லீலா" என்றார். வாங்கி என்னிடம் நீட்டினார். "டீச்சர், நீங்க எழுதினதை நீங்களே அடிங்க."

பதினான்கு பேர் பார்க்க, என் 'மிக நன்று' மேலேயும் நட்சத்திரத்தின் மேலேயும் கோடு போட்டேன். எத்தனையோ பிள்ளைகளின் நோட்டில் கோடு போட்டிருக்கிறேன், அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

லீலா அக்கா வெடித்துவிட்டாள். "அப்ப நான் பொய் எழுதினேனா? எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க? அந்தப் புள்ளைக்கு ஒரு வாழ்க்கை அமையட்டும்னு அலைஞ்சவளுக்கு இதுதான் பேரா? வெண்ணெ தெரண்டு வரப்பத் தாழிய ஒடைக்கிறீங்களே!"

"நீங்க பொய் எழுதலை" என்றார் அம்மா. "அவ சொன்னதுக்கு மேல எழுதினீங்க. அதுக்கு மார்க் போட்டது நாங்க. தப்பு எங்க ஆபீசுலதான். ரோசி, இப்ப நீ சொல்லும்மா. டீச்சர் எழுதுவாங்க."

ரோசி எழுந்து நின்றாள். யாரும் பழக்கப்படுத்தாத குரல், முதல் வரிசைக்கே சரியாகக் கேட்கவில்லை. நான் பக்கத்தில் போய் நின்று எழுதினேன். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார் அம்மா. படித்தேன்: "நான் அவரை மன்னித்துவிட்டேன். ஆனால் அங்கு சென்று வாழ விருப்பமில்லை."

"விருப்பமில்லைன்னு நான் சொல்லலைங்களே" என்றாள் ரோசி. "போவ மாட்டேன்னுதான் சொன்னேன்."

கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். அவள் வாயைத் திறந்து பேசிய முதல் வாக்கியத்தையே நான் சலவை செய்து இஸ்திரி போட்டுவிட்டேன். அம்மா என்னைப் பார்த்து "ம்" என்றார். இந்தத் தடவை அது எந்த "ம்" என்பதில் சந்தேகமே இல்லை. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். 'மன்னிச்சுட்டேன். கையை ஒடிச்சதையும் மன்னிச்சுட்டேன். ஆனா அங்க போவ மாட்டேன். புள்ளையையும் அனுப்ப மாட்டேன். அவரு நல்லா இருக்கட்டும்.' படித்துக் காட்டினேன்.

"ஆமாங்க, இதான்" என்று உட்கார்ந்தாள்.

வேன் டிரைவர் வெளியிலிருந்து ஹாரன் அடித்தார். லீலா அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ரோசியின் பக்கத்தில் போய், அந்தக் கோணல் கையைப் பிடித்துப் பார்த்தாள். அத்தனை நாள் பக்கத்திலேயே உட்கார்ந்தும் பிடித்துப் பார்த்ததில்லை போலிருக்கிறது. "மன்னிச்சுக்கடி" என்றாள். பிறகு எங்களைப் பார்த்து, "வாக்குக் குடுத்தது நானு. அங்க சமைச்சு எல போட்டுக் காத்துக்கிட்டு இருப்பாங்க. நானே போயி, பொண்ணு வரலை, வராதுன்னு சொல்லிட்டு வரேன். ரெண்டு பேரு என்கூட வாங்க" என்றாள். பூத்தட்டை அங்கேயே வைத்துவிட்டு வேனில் ஏறினாள். அந்த வீட்டில் அவளுக்கு என்ன பேச்சு விழுந்ததென்று அவள் கடைசிவரை சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அந்தப் பாடம் அப்படியே அச்சுக்குப் போகவில்லை. பகுதியை அந்தத் தம்பி வேறு ஊரில் வீடு கட்டுவதுவரை நீட்டினோம். 'இந்த வாரச் செயல்' பெட்டியை எடுத்தோம். பாடம் எழுதிய ஆசிரியருக்குக் கோபம். பாடத்தின் நோக்கத்தையே சிதைத்துவிட்டீர்கள் என்று மூன்று பக்கம் எழுதினார். அம்மா ஒரு கார்டில் பதில் எழுதினார்: 'ஐயா, உங்கள் பாடம் பாதி வழியில் நின்றிருந்தது. எங்கள் சங்கத்துப் பெண் ஒருவர் மீதியைக் கவனித்துச் சொன்னார். நன்றி.'

மார்க் போயிற்று. எவர்சில்வர் அடுக்கும் போயிற்று. படிவத்தில் 'சொன்னவர்', 'எழுதியவர்' என்று இரண்டு கட்டம் வந்தது. எழுதியதைச் சொன்னவருக்குப் படித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகுதான் இரண்டாவது கட்டத்தில் கையெழுத்து. முதல் தடவை வந்த தாள்களைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. 'தெரியலை.' 'புரியலை.' 'பாட்டு நல்லா இருந்துச்சு.' ஒருத்தி, 'காலு வலியில கேக்கலை.' இத்தனை வருஷம் கல்யாணப் பத்திரிகைகளைத் திருத்தியவளுக்கு இது எப்படி இருக்கும்? அம்மாவிடம் கொண்டுபோய் வைத்தேன். ஜன்னலோரம் நின்று ஒவ்வொன்றாகப் படித்தார். "நல்லா இருக்கு" என்றார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அந்தத் தாள்களை வைத்துத்தான் பிறகு வந்த பாடங்களையெல்லாம் திருத்தினோம். எது புரியவில்லை என்று தெரிந்தால்தானே எதை மாற்றுவதென்று தெரியும்!

நான் ஓய்வு பெற்ற வருஷம் மூன்று சங்கங்களும் ஆளுக்கொரு வாழ்த்துத் தாள் கொடுத்தார்கள். ரெட்டிபாளையத்துத் தாள் லீலா அக்கா கையெழுத்து. பெண்கள் ஒவ்வொருவராகச் சொன்னதை எழுதியிருந்தாள். கோடு இல்லை, சிவப்பு மை இல்லை, நடுவில் இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தல். ஒன்பதாவதாக இருந்தது இது. கமிட்டிக்கு வேறு விளக்கம் வேண்டுமென்றால் இதைப் படித்துக் காட்டும்மா:

'சொன்னவர்: ரோசி. எனக்குப் படிக்கத் தெரியாது. இப்பவும் தெரியாது. டீச்சரு எழுதினதைப் படிச்சுக் காட்டுனாங்க. நான் சொன்னது இல்லைன்னேன். அடிச்சுட்டு மறுபடி எழுதினாங்க. எம்புள்ள ஆறாவது படிக்குது.

எழுதியவர்: லீலா. படித்துக் காட்டினேன். சரி என்றாள்.'